ஈயா? ஈரமா?

திருவேற்காட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கொல்லையில் ஆறு கோழிகள். பிள்ளைகள் ஆசைப்பட்டார்களே என்று வாங்கிய முயல்கள் இரண்டு ஜோடி. முட்டைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கும் நல்ல பொழுதுபோக்கு. எல்லாம் சரிதான், ஆனால் ஈ! சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து மூடுவதற்குள் பத்து ஈ வந்து உட்கார்ந்துவிடுகிறதாம். அடுத்த வீட்டு அம்மாள் முதலில் ஜாடையாகச் சொன்னார். இப்போது நகராட்சிக்கே எழுதப் போகிறாராம். "நல்ல மருந்தாக ஒன்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டியதுதான்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

திருவேற்காட்டுக்கு 'விடம் தீண்டாப் பதி' என்று ஒரு பெயர் உண்டு. ஆதிசேஷன் வழிபட்ட தலம். அங்கே பாம்பின் விஷம் தீண்டாது என்பது ஐதிகம். ஆனால் ஈக்குத் தடை போட்ட தலம் எதுவும் இல்லையே!

அடுத்த வீட்டு அம்மாளின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஈக்கு மதில் சுவர் ஒரு பொருட்டல்ல. கோழி எச்சத்தில் உட்கார்ந்த அதே காலோடு குழந்தையின் பால் டம்ளரிலும் உட்காரும். கெட்டியான பண்டத்தை அதனால் கடித்துத் தின்ன முடியாது. எச்சிலை உமிழ்ந்து, கரைத்துத்தான் உறிஞ்சும். வயிற்றுப்போக்கும் டைபாய்டும் பரவுவதற்கு இது ஒரு வழி.

சரி, மருந்து அடித்தால் என்ன? டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு கிடைப்பதற்கு முன்பே ஸ்வீடனிலும் இத்தாலியிலும் அந்த மருந்துக்குச் சாகாத ஈக்கள் தோன்றிவிட்டன! தப்பிப் பிழைத்தவை முட்டையிட, அந்த வம்சமே பெருகிவிட்டது. பின்னால் வந்த மருந்துகள் பலவற்றுக்கும் இதே கதிதான். எருவில் மருந்து தெளித்தால் வேறு நஷ்டமும் உண்டு. ஈயின் கூட்டுப்புழுவைத் துளைத்து அழிக்கும் சின்னஞ்சிறு குளவிகள் எருவில் இருக்கின்றன. அவையும் செத்துப்போகும். மருந்துபட்ட ஈயைக் கோழி கொத்தினால் விஷம் கோழிக்குள் போகும்.

ஆகவே சகோதரி, ஈயை விட்டுவிட்டு ஈரத்தைத் துரத்துங்கள். பெண் ஈ ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை இடும். ஆயுளில் நாலைந்து தடவை இடும். ஒரே நாளில் முட்டை பொரிந்து புழுவாகும். நம் ஊர் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாளுக்குள் புது ஈ பறந்துவிடும். ஆனால் காய்ந்த எருவில் அந்தப் புழு பிழைக்காது. புதிய கோழி எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அது காய்ந்துவிட்டால் ஈக்குத் தொட்டில் இல்லை.

கோழிக் கூட்டில் உமியோ மரத்தூளோ இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். தினமும் ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள். கட்டி தட்டிய ஈர இடத்தை மட்டும் அள்ளிவிட்டுப் புது உமி போடுங்கள். ஈரம் பெரும்பாலும் தண்ணீர்ச் சட்டியைச் சுற்றித்தான் இருக்கும். கோழி தட்டிவிடாதபடி கனமான சட்டியாக, ஒரு செங்கல் மேல் வையுங்கள். கூட்டுக்கு அடியில் விழும் எச்சத்தை வாரத்துக்கு இரண்டு நாள், உதாரணமாகத் திங்களும் வியாழனும், தவறாமல் அள்ளுங்கள். ஈ பிறக்க ஏழு நாளாவது வேண்டும். நீங்கள் நாலு நாளில் முந்திக்கொள்கிறீர்கள்.

முயலின் புழுக்கை தானாகவே உலர்ந்துவிடும். மூத்திரத்தில் ஊறினால்தான் தொல்லை. கம்பி வலைத் தளம் போட்ட கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். கீழே ஒரு தகரத்தைச் சாய்வாக வைத்தால் மூத்திரம் வழிந்து ஓடிவிடும், தினமும் கழுவிவிடலாம். தின்று மிஞ்சிய கீரையை மாலையே எடுத்துவிட வேண்டும். இன்னொன்று முக்கியம்: முயலைத் தினமும் தூக்கி வாலடியைப் பாருங்கள். அங்கே அசுத்தம் ஒட்டியிருந்தால் ஈ முட்டையிடும். புழு ஒரே நாளில் சதையைத் துளைத்து முயலைக் கொன்றுவிடும். புழு கண்ணில் பட்டால் கைவைத்தியம் வேண்டாம். உடனே கால்நடை டாக்டரிடம் கொண்டு போங்கள். பக்கத்தில் டாக்டர் இல்லாவிட்டால், 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அள்ளிய எருவைக் கூவம் கரையிலோ காலி மனையிலோ கொட்டினால் ஈயை இடம் மாற்றியதாகத்தான் ஆகும். காய்ந்த சருகோடு கலந்து குவித்து, பாலிதீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். குவியலின் உள்ளே எழும் சூட்டில் புழு செத்துவிடும். ஓரங்களில் சூடு ஏறாது. ஆகவே வாரம் ஒரு முறை ஓரத்து எருவை நடுவே தள்ளிக் கிளறுங்கள். நன்றாக மக்கியதும் மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் அருமையான உரம்.

விற்பதா, வேண்டாமா? மூன்று வாரம் பொறுங்கள். இப்போது பறக்கும் ஈக்கள் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். மறுநாளே குறையவில்லையே என்று மனம் தளரக் கூடாது. புதியது பிறக்காவிட்டால் பழையது தானே தீரும். அடுத்த வீட்டு அம்மாளிடமும் இந்தக் கணக்கைச் சொல்லி மூன்று வாரம் தவணை கேளுங்கள். கையோடு நாலு முட்டை கொண்டு போனாலும் தப்பில்லை! முயல் ஜோடிகளை மட்டும் பிரித்து வையுங்கள். அதன் கர்ப்பம் ஒரே மாதம்தான். குட்டிகள் பெருகினால் எந்த யோசனையும் பலிக்காது. ஐப்பசி மழைக்கு முன் கூட்டின் கூரையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கூரை ஒழுகினால் உமி நனையும். உமி நனைந்தால் ஈ திரும்பிவிடும்.