வை நதி தாங்கும் அளவே சுற்றுலாவின் அளவு: எங்கள் நிலைப்பாடு

வை நதிப் பள்ளத்தாக்கில் விடுதி நடத்துவோர், கனூ வாடகைக்கு விடுவோர், நடைபயண வழிகாட்டிகள் சேர்ந்த கூட்டமைப்பு நாங்கள். இங்கு வருபவர்களை நம்பித்தான் எங்கள் பிழைப்பு. இருந்தும் சொல்கிறோம்: நதி தாங்கும் அளவுக்கே இங்கு சுற்றுலா நடக்க வேண்டும். அந்த வரம்பை முதலில் எங்களுக்கு விதித்துக்கொள்கிறோம். நதியைக் கெடுக்கும் மற்ற தொழில்களுக்கும் வரம்பு வேண்டும் என்று கேட்கிறோம்.

வேல்ஸின் பும்லுமோன் மலையில் பிறந்து, சுமார் 250 கி.மீ. ஓடி, செப்ஸ்டோ ஊருக்குக் கீழே செவர்ன் நதியில் கலக்கிறது வை. 1770இல் இதில் படகில் வந்த ஆங்கிலேயப் பாதிரியார் வில்லியம் கில்பின் 1782இல் தம் பயண நூலை வெளியிட்டார். அதன்பின் இயற்கைக் காட்சிக்காகவே ஊர் விட்டு ஊர் வரும் கூட்டம் இங்கே பெருகியது. 1131இல் நிறுவப்பட்ட டின்டர்ன் மடாலயத்தின் இடிபாடுகளில் ஒண்டிக் கிடந்த ஏழைகளைப் பற்றியும் கில்பின் எழுதினார். பின்னால் வந்தவர்களோ காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கண்ணுக்கு அழகாக இருக்கும் இடம் நலமாகவும் இருக்கும் என்ற நினைப்பு அன்று வேரூன்றியது. இன்று அது நதிக்கே கேடாகிவிட்டது.

நதிக்கு மேலே நிற்கும் சைமண்ட்ஸ் யாட் பாறையிலிருந்து பார்த்தால் வளைந்தோடும் நீரில் ஒரு குறையும் தெரியாது. கரைக்கு இறங்கி வந்து பார்த்தால்தான் தெரியும். கோடையில் நீர் பச்சைக் குழம்பாகிறது. நதிப்படுகையில் எந்த நேரத்திலும் சுமார் 2 கோடி கோழிகள் வளர்கின்றன. அவற்றின் எரு வயலுக்குப் போகிறது. பயிர் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் பாஸ்பேட் மண்ணில் சேர்ந்து, மழையோடு நதிக்கு வருகிறது. கழிவுநீரும் தன் பங்கைச் சேர்க்கிறது. வெயிலில் அந்தப் பாஸ்பேட்டால் பாசி பெருகி வெளிச்சத்தை மறைக்க, வெள்ளைப் பூப் பூக்கும் ரனன்குலஸ் செடி அழிகிறது. மீன் குஞ்சும் பூச்சியும் அண்டி வாழ்ந்த செடி அது. இங்கிலாந்துக்குள் ஓடும் பகுதியில் நதியின் நிலை மோசம், மேலும் சரிகிறது என்று 2023 மே மாதம் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து அறிவித்தது. வேல்ஸில் தூண்டிலில் சிக்கும் சால்மன் ஒவ்வொன்றையும் திரும்ப நீரில் விட வேண்டும் என்பது 2020 முதல் சட்டம். அந்த அளவுக்கு அந்த மீன் குறைந்துவிட்டது.

இந்தச் சீரழிவுக்குக் கனூக்காரர்கள் காரணமல்ல. அதைச் சொல்லி நாங்கள் ஒதுங்கிக்கொள்ளவும் மாட்டோம். ஹே என்ற ஊரிலிருந்து கீழே படகு செலுத்தும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. உரிமை இருந்தாலும், நீர் வற்றிக் கூழாங்கல் தலைகாட்டும் நாளில் எங்கள் உறுப்பினர்கள் அந்த ஆழமற்ற இடங்களில் படகு விடமாட்டார்கள். சால்மன் முட்டையிடும் குளிர்கால மாதங்களில் அதன் சரளைப் படுகைகளில் கால் வைக்கமாட்டார்கள். வேறு நதியில் ஓடிய படகைக் கழுவிக் காயவைக்காமல் இங்கே இறக்கவும் மாட்டார்கள். அந்நியக் களைகளும் நோய்களும் ஈரப் படகோடு வந்துவிடும்.

வரம்பு வைத்தால் வருபவர்கள் குறைந்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறவர்கள் டின்டர்னுக்குப் போகும் பழைய ரயில் பாதையைப் பார்க்கட்டும். 1959இல் பயணிகள் ரயில் நின்ற அந்தத் தடம் 2021இல் நடைக்கும் சைக்கிளுக்கும் திறக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அதன் டிடன்ஹாம் சுரங்கத்தில் வௌவால்கள் உறங்கும் குளிர்காலம் முழுக்கக் கதவு பூட்டியிருக்கும். பூட்டு இருப்பதாலேயே அந்தப் பாதையை எங்களால் தைரியமாகப் பரிந்துரைக்க முடிகிறது.

வேல்ஸ் சட்டமன்றம் 2025இல் நிறைவேற்றிய சட்டத்தின்படி, 2027 முதல் இரவு தங்குபவர்களிடம் உள்ளூர் கவுன்சில்கள் கட்டணம் வாங்கலாம். விடுதியில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 1.30 பவுண்டு. எங்கள் தொழிலில் பலர் இதை எதிர்க்கிறார்கள், நாங்கள் ஆதரிக்கிறோம். ஆனால் அந்தப் பணம் விளம்பரத்துக்குப் போகக்கூடாது. நடைபாதைகளுக்கும், கழிப்பறைகளுக்கும், செப்ஸ்டோ, மன்மத் ஊர்களை இணைக்கும் 69ஆம் எண் பேருந்து ஞாயிறும் மாலையும் ஓடுவதற்கும் போக வேண்டும். ஒடுங்கிய பள்ளத்தாக்கு இது. கார் நிறுத்துமிடங்களை இன்னும் அகலப்படுத்த இங்கே இடமில்லை.

நதியின் இரு கரையிலும் உள்ள அரசுகளுக்கு ஒரு கோரிக்கை: மண்ணில் பாஸ்பேட் மிஞ்சும் நிலங்களில் எரு கொட்டுவதை நிறுத்துங்கள். படுகையில் புதிய பெரிய கோழிப்பண்ணைகளுக்கு அனுமதி தராதீர்கள். எருவைப் படுகைக்கு வெளியே கொண்டுபோகும் செலவை விவசாயி தலையில் மட்டும் கட்டாமல், கோழியை வாங்கி விற்கும் நிறுவனங்களையும் ஏற்கச் செய்யுங்கள்.