தொழிலாளி கதை ஓடாதாம்! சொல்வது யார்?

"பகல் பூராவும் மில்லிலே பஞ்சைத் தின்கிறவன், ராத்திரி கொட்டகையிலும் வந்து மில்லையே பார்ப்பானா? அவனுக்கு வேண்டியது ராஜா ராணி, ஆட்டம் பாட்டம், கத்திச் சண்டை. தொழிலாளியின் கதை ஓடாது!"

பட முதலாளிகள் நெடுங்காலமாக ஓதிவரும் மந்திரம் இது. மதுரை மில் வாசல்களிலும், மேலூர், வாடிப்பட்டி வயல் வரப்புகளிலும் நம்மவர்களே சிலர் இதற்குத் தலையாட்டுகிறார்கள்.

நாம் கேட்கிறோம்: ஓடாது என்று தீர்ப்புச் சொன்னது யார்? படத்தைப் பார்த்த தொழிலாளியா? கொட்டகைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கும் சீமானா?

இந்தக் கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையே பதில் சொல்கிறது. அவர் பெயர் நிமாய் கோஷ்.

வேரறுந்தவர்களின் படம்

1914-ல் பிறந்த வங்காளி அவர். காமிராவைக் கையில் எடுத்துப் பிழைத்தவர். 1947-ல் வெள்ளைக்காரன் நாட்டை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டுக் கப்பல் ஏறினான். ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வீடு வாசலை இழந்தார்கள். கிழக்கு வங்காளத்து உழவனும் நெசவாளியும் மூட்டை முடிச்சோடு கல்கத்தாவுக்கு வந்து, சியால்டா ரயிலடியின் பிளாட்பாரத்தில் குடும்பம் குடும்பமாகக் கிடந்தார்கள்.

அன்றைய பட முதலாளிகள் இந்தக் கண்ணீரைக் கண்டும் காணாமல் இருந்தார்கள். நிமாய் கோஷ் காமிராவைத் தூக்கிக்கொண்டு அந்த ரயிலடிக்கே போனார். 1950-ல் எடுத்த அந்தப் படத்துக்கு 'சின்னமூல்' என்று பெயர். வேரறுந்தவர்கள் என்று பொருள். முகப்பூச்சு இல்லை. பாட்டு இல்லை. மக்கள் நாடக மன்றத்துக் கலைஞர்களோடு நிஜமான அகதிகளும் அதில் நடித்தார்கள். பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற ரித்விக் கட்டக்கும் அவர்களில் ஒருவர். வீட்டை விட்டு வரமாட்டேன் என்று தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு கிழவி கதறுகிறாள். அந்தக் காட்சியைக் கண்டவர் மறக்கமாட்டார்.

சோவியத் படக் கலைஞர் புடோவ்கின் 1951-ல் இந்தியா வந்தபோது படத்தைப் பார்த்தார். சோவியத் நாடு அதை வாங்கித் தன் கொட்டகைகளில் காட்டியது. ரஷ்யத் தொழிலாளிக்குப் புரிந்த வங்காள விவசாயியின் துயரம், கல்கத்தா வியாபாரிக்கு மட்டும் புரியவில்லை. இப்படிப்பட்ட படம் எடுத்தவருக்கு அங்கே அடுத்த படம் கிடைக்கவில்லை. பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். பாஷை தெரியாத ஊர், கையில் ஒரு தொழில், அவ்வளவுதான். ஊரை விட்டு ஊர் போய்க் கூலிக்கு நிற்கிற நம் தோழர்களுக்கு இந்த நிலைமையை விளக்கவா வேண்டும்?

'பாதை தெரியுது பார்'

சென்னையில் இசைக் கலைஞர் எம்.பி.சீனிவாசன் முதலிய தோழர்களோடு அவர் சேர்ந்தார். பணமூட்டை ஒன்றின் தயவில் அல்ல, பலர் கூடிப் போட்ட பங்கில் குமரி பிலிம்ஸ் என்ற பெயரில் ஒரு தமிழ்ப் படம் எடுத்தார்கள். 1960-ல் வெளியான 'பாதை தெரியுது பார்' அதுதான். கதை ஆர்.கே.கண்ணன். இசை எம்.பி.சீனிவாசன். பாட்டு எழுதியவர்கள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே.சி.எஸ்.அருணாசலம், ஜெயகாந்தன். 1959-ல், இருபத்தொன்பது வயதிலேயே மறைந்த பட்டுக்கோட்டை, படம் திரைக்கு வந்ததைப் பார்க்கவில்லை. கதாநாயகன் மகுடம் தரித்த ராஜகுமாரன் அல்ல. உழைத்துத் தின்கிற மனிதன்.

படம் வசூலில் தோற்றது. "பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோமே!" என்று மந்திரக்காரர்கள் கொக்கரித்தார்கள்.

சரி, படம் மட்டமானதா? 1960-ம் வருஷத்துத் தமிழ்ப் படங்களில் டில்லி சர்க்கார் மூன்றைப் பொறுக்கி எடுத்துக் கௌரவித்தது. முதலாவது 'பார்த்திபன் கனவு'. இரண்டாவது 'பாதை தெரியுது பார்'. மூன்றாவது 'களத்தூர் கண்ணம்மா'. முதலாவதும் மூன்றாவதும் ஜெமினி கணேசன் நடித்த படங்கள். அவற்றின் பெயர் இன்றும் வீட்டுக்கு வீடு தெரியும். இரண்டுக்கும் நடுவே நின்ற படத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? சர்க்காரே தரமானது என்று சான்று கொடுத்த படம் ஜனங்களின் கண்ணில் படாமல் போன மர்மம் என்ன?

கொட்டகையின் கணக்கு

மர்மம் ஒன்றுமில்லை, தோழர்களே! வியாபாரக் கணக்குத்தான்.

படத்தை எடுத்தால் மட்டும் போதாது. விநியோகஸ்தன் வாங்க வேண்டும். அவன் நட்சத்திரத்தின் பெயரைப் பார்த்து முன்பணம் கொடுக்கிறவன். பெயர் பெற்ற நட்சத்திரம் இல்லாத படத்துக்கு அவன் பெட்டி திறக்காது. பிறகு கொட்டகைக்காரன் இடம் தர வேண்டும். முதல் வாரத்தில் கல்லா நிறையவில்லை என்றால், அடுத்த வெள்ளிக்கிழமையே படத்தைத் தூக்கிவிடுவான்.

நம் நிலைமை என்ன? மில் தொழிலாளி சினிமாவுக்குப் போவது சம்பளம் வாங்கின வாரத்தில். பெரியாற்றுப் பாசனத்து விவசாயக் கூலிக்குக் கையில் நாலு காசு புரள்வது அறுப்புக் காலத்தில். "நல்ல படம்" என்ற சேதி வாய்வழியாக ஊர் ஊராய்ப் பரவி, அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவதற்குள் சுவரில் வேறு போஸ்டர்! டவுன் கொட்டகையில் தூக்கப்பட்ட படம், அந்த நாளில் உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்து டூரிங் டாக்கீஸ்களுக்கு வந்து சேருமா? மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த தரை டிக்கெட்டுக்காரனின் தீர்ப்பை யாராவது கேட்டார்களா?

பந்தியிலேயே உட்கார விடாமல் வெளியே நிறுத்திவிட்டு, "இவனுக்குப் பசியே இல்லை" என்று சொல்கிற பித்தலாட்டம் அல்லவா இது!

1952 தீபாவளிக்கு 'பராசக்தி' படத்தோடு கதவு திறந்தது மதுரைத் தங்கம் தியேட்டர். ஆசியாவிலேயே பெரிது என்று ஊரே பெருமை பேசிற்று. இன்று அந்தத் தியேட்டரும் இல்லை, டூரிங் டாக்கீஸும் இல்லை. பளபளக்கும் வளாகத்துக்குள் நாலு திரை, ஐந்து திரை வந்திருக்கிறது. கணக்கு மட்டும் மாறவில்லை. பெரிய நட்சத்திரத்தின் படம் வந்தால் எல்லாத் திரையும் அதற்கே. டிக்கெட் விலையோ கூலிக்காரனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

புதைக்கும் வழிகள்

படத்தைப் புதைக்க இதைவிட முரட்டுத்தனமான வழியும் உண்டு. 1948-ல் பாலஸ்தீனத்தில் ஏழு லட்சம் அரபு மக்களை அவர்கள் பிறந்த மண்ணிலிருந்து விரட்டினார்கள். ஜெருசலத்தை அடுத்த மால்ஹா கிராமத்திலிருந்து அப்படி வெளியேறிய குடும்பம் ஒன்றில் ஒரு சிறுவன் இருந்தான். முஸ்தபா அபு அலி என்று பெயர். வளர்ந்ததும் காமிராவைப் பிடித்தார். 1968-ல் நண்பர்களோடு சேர்ந்து பாலஸ்தீனப் படக் குழுவைத் தொடங்கினார். குழுவின் காமிராக்காரர் ஹானி ஜவ்ஹரியா 1976-ல் போர்முனையில் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே குண்டுக்குப் பலியானார். 1982-ல் இஸ்ரேல் படை பெய்ரூட்டைத் தாக்கியபோது அவர்கள் சேர்த்துவைத்திருந்த படச்சுருள்கள் மறைந்தன. அவற்றில் சில இஸ்ரேல் ராணுவத்தின் காப்பகத்திலேயே கிடப்பது பிற்பாடு வெளிவந்தது.

பிலிம் சுருளைப் பார்த்து ஒரு ராணுவம் ஏன் பயப்பட வேண்டும்? "எங்களுக்கு ஊர் இருந்தது, பிடுங்கிக்கொண்டார்கள்" என்பதற்கு அது சாட்சி. அங்கே துப்பாக்கியால் செய்ததை இங்கே கல்லாப்பெட்டியால் செய்கிறார்கள். உழைப்பவன் தன் முகத்தைத் திரையில் பார்த்துவிடக் கூடாது என்பதே இரண்டுக்கும் நோக்கம்.

படத்தோடு நிற்கவில்லை

படம் தோற்றதும் நிமாய் கோஷ் மூலையில் குந்திவிடவில்லை. ஸ்டுடியோக்களில் விளக்குத் தூக்குகிறவன், மரம் இழைக்கிறவன், சாயம் பூசுகிறவன், காமிராத் தள்ளுகிறவன் எல்லோரும் நேரம் காலம் இல்லாமல் உழைத்தார்கள். திரையில் தங்க மாளிகை. அதைக் கட்டிய தச்சனுக்குப் பேசிய கூலி வருமா என்பதே சந்தேகம்! இவர்களைச் சங்கமாகத் திரட்டுவதில் நிமாய் கோஷும் எம்.பி.சீனிவாசனும் முன்னணியில் நின்றார்கள். இன்று தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் கூலி பேசுகிறது என்றால், அதன் அஸ்திவாரத்தில் இவர்கள் சுமந்த கல்லும் இருக்கிறது. இருவரும் 1988-ல் மறைந்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். சென்னைத் தொழிலாளிக்குச் சங்கம் கட்டியவர் பிழைக்க வந்த ஒரு வங்காளி. இன்று மதுரை, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் வங்காளத்தானும் பீகாரியும் கூலிக்கு நிற்கிறார்கள். "உன் வேலையைப் பறிக்க வந்தவன் அவன்தான்" என்று முதலாளி நம் காதில் ஓதுகிறான். இரண்டு பேரையும் மோதவிட்டு இரண்டு பேரின் கூலியையும் குறைப்பது அவன் தந்திரம். அந்த வங்காளித் தோழனுக்கு நிமாய் கோஷின் கதையைச் சொல்லுங்கள். சங்கத்தில் அவனுக்கும் இடம் போடுங்கள்.

"கூலிச் சண்டைக்கே நேரம் போதவில்லை, சினிமா என்ன கேடு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். தொழிலாளியைக் குடிகாரனாகவும், பண்ணையாளைக் கைகட்டி நிற்கும் விசுவாசியாகவும், சங்கத் தலைவனைக் காசு வாங்கும் கபடனாகவும் எத்தனை படங்களில் காட்டியிருக்கிறார்கள்! அதைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் அப்பனை எடை போடுகிறார்கள். மில்லில் பறிபோகிற கூலி கண்ணுக்குத் தெரிகிறது. இந்த மானப்பறிப்பு தெரியவில்லை.

நம் பேரிலும் குற்றம் உண்டு. எத்தனை சங்கக் கட்டிடங்களில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினோம்? நமக்காக எடுத்தவரின் பெயரை எத்தனை கூட்டங்களில் சொன்னோம்? விநியோகஸ்தன் மறைத்தான், சரி. நாம் ஏன் மறந்தோம்?

இன்று ஒரு சின்ன இயந்திரமும் சுவரில் கட்ட ஒரு வெள்ளை வேட்டியும் இருந்தால் போதும், சேரித் தெருவே கொட்டகையாகிவிடும். கிடைக்கிற பிரதியைத் தேடிப் பிடிப்போம். மில் வாசலில் காட்டுவோம். களத்துமேட்டில் காட்டுவோம். பார்த்து முடித்தபின் தொழிலாளி சொல்லட்டும், தன் கதை ஓடுமா ஓடாதா என்று!

பாதை தெரிகிறது, தோழர்களே. நடக்க வேண்டியது நாம்!