விளிம்பும் ஈற்றடியும்

வெண்பா நடத்தும்போது மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. மற்ற அடிகளுக்கெல்லாம் நான்கு சீர் இருக்க, ஈற்றடிக்கு மட்டும் மூன்று ஏன்? கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாகவே ஏன் முடியவேண்டும்? முடிகிற இடத்தில்தான் கட்டு தளரும், ஆகவே அங்கேதான் இலக்கணம் இறுக்கிப் பிடிக்கிறது என்று விடை சொல்வது என் வழக்கம். அவ்விடையின் முழுப்பொருளை எனக்கு உணர்த்தியது ஒரு கம்பளி விரிப்பு என்றால் நண்பர்கள் சிரிக்கக்கூடும்.

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் வாழும் என் தமக்கையின் வீட்டில் அதைக் கண்டேன். சணல் துணியின் கண்கள் வழியே கம்பளிக் கீற்றுகளைக் கொக்கியால் மேலே இழுத்து, வளையம் வளையமாக நிரப்பிச் செய்தது. நடுவே ஒரு பாய்மரப் படகு. வாங்கி நான்கே ஆண்டுகள். படகு புதிதுபோல் இருந்தது. ஓரமோ நார்நாராகப் பிரிந்து கிடந்தது. செய்தவர் ஓரத்தை மடித்து நாடாவைப் பசையால் ஒட்டியிருக்கிறார். பசை காய்ந்து பொடியாக உதிர்ந்துவிட்டது. குப்பையில் போடலாமா என்று தமக்கை யோசித்துக்கொண்டிருந்தார்.

இவ்வகை விரிப்புகள் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் கனடாவின் அட்லாண்டிக் கரையோரத்திலும் 19-ஆம் நூற்றாண்டில் வேரூன்றியவை. தானியம் வந்த சாக்கைப் பிரித்து, நைந்த கம்பளி உடைகளைக் கீற்றாக்கி, நீண்ட குளிர்காலத்தில் பெண்கள் செய்தவை. அந்தச் சாக்கின் சணல் நம் வங்காளத்தில் விளைந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகளிலும், 1855-க்குப் பின் ஹூக்ளிக் கரை ஆலைகளிலும் துணியானது. மெய்னில் பிடிஃபோர்டு என்ற ஊரைச் சேர்ந்த எட்வர்ட் சாண்ட்ஸ் ஃபிராஸ்ட், 1860-களின் இறுதியில் உலோகத் தகட்டில் அச்சு வெட்டி, சாக்குத் துணியில் கோலம் பதித்து விற்றார். நியூஃபவுண்ட்லாந்திலும் லாப்ரடாரிலும் மருத்துவப் பணி செய்த வில்ஃபிரட் கிரென்ஃபெல்லின் அமைப்பு, மீனவக் குடும்பப் பெண்களுக்கு இதையே வருவாய்க்கான தொழிலாக்கியது. கோலம் வரைந்தவரின் பெயர் நூல்களில் நிற்கிறது. ஓரம் மடித்துத் தைத்த பெண்களில் பெரும்பாலோர் பெயர் எங்குமில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லவேண்டும். பாரசீகக் கம்பளத்தில் ஒவ்வோர் இழையும் நெடுநூலில் முடிச்சிடப்பட்டது. இதில் முடிச்சே கிடையாது. பக்கத்து வளையத்தின் நெருக்கமும் துணியின் இறுக்கமுமே ஒவ்வொரு வளையத்தையும் நிறுத்துகின்றன. ஓரத்துச் சணல் நூல் தளர்ந்தால் கடைசி வரிசை கழலும். அது போனால் அதற்கடுத்த வரிசைக்குத் துணையில்லை. செருப்பின் நுனி, கதவின் அடி, தூசி உறிஞ்சும் எந்திரம் என எல்லாம் முதலில் மோதுவது ஓரத்தில்தான். ஆகவே விளிம்பு அலங்காரமன்று, காவல்.

பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர், நெடுங்காலம் இக்கைவேலை செய்தவர், சரிசெய்யும் முறையைத் தமக்கைக்குச் சொல்லிக்கொடுத்தார். பசையைச் சுரண்டி, கழன்ற வளையங்களைத் திரும்ப இழுத்து, ஈரத்துணி போட்டுப் பின்புறம் இஸ்திரி செய்து, சமமாகப் பரப்பி உலர்த்தினார்கள். ஓரத் துணியைப் பருத்திக் கயிற்றின்மேல் மடித்து, கம்பளி நூலால் கயிற்றோடு சேர்த்து நெருக்கமாகச் சுற்றித் தைத்தார்கள். கடைசி வளைய வரிசையை ஒட்டியே ஊசி இறங்கவேண்டும். சற்று விலகினாலும் சணல் வெளியே தெரியும். மூலையில் நூல் உள்ளே நெருங்கி வெளியே விரியும் என்பதால், அங்கே தையல் கூடுதலாக விழவேண்டும். பின்புறம் பிசிரை மறைக்கும் பருத்தி நாடாவை முன்னதாகவே நனைத்து உலர்த்தியாகவேண்டும். இல்லாவிடில் பின்னர் சுருங்கி விரிப்பையே நெளியவைக்கும். சேலைக்கு ஃபால்ஸ் தைப்பவர்கள் இதைச் சொல்லாமலே அறிவார்கள்.

படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், ஓரத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கைவினைஞர் கேட்டால், அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. பல மாலைப்பொழுதுகளை விழுங்கும் வேலைக்குக் கூலி கிடைக்காதபோது பசை ஒரு நிமிடத்தில் முடித்துக்கொடுக்கிறது. எனவே குற்றத்தின் பெரும்பங்கு வாங்குகிற நம்முடையது என்றே கருதுகிறேன். நாம் விரிப்பைத் திருப்பிப் பார்ப்பதில்லை. ஓரம் தைத்ததா ஒட்டியதா என்று கேட்பதில்லை. தைத்த ஓரம் மறுபடியும் பிரித்துத் தைக்க இடம் கொடுக்கும். பசை அந்த வாய்ப்பையும் கெடுத்துவிடும். இதை அறிந்து, தைத்ததற்குச் சற்றுக் கூடுதல் விலை தர நாம் முன்வராதவரை, அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

தமக்கையின் விரிப்புக்கு ஒன்பது மாலைகள் ஆயின. புதிய நூலின் நீலம் பழைய நீலத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒரு மூலையும் சற்றுத் தடித்துவிட்டது. ஆனாலும் அது மீண்டும் வாசற்கதவருகே, எல்லாரும் மிதிக்கும் இடத்திலேயே கிடக்கிறது. சென்ற வாரம் தொலைபேசியில் பேசுகையில், யார் வீட்டுக்குப் போனாலும் இப்போது முதலில் விரிப்பின் ஓரத்தைத்தான் திருப்பிப் பார்க்கிறாராம்.