கைப்பைக்குள் ஒரு வலை

வானொலியில் பத்து விநாடி மௌனம் போதும், வியர்த்துவிடும். போன மாதம் சிலிபினில் அதே வியர்வை. பழைய தோட்டத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், ஆறு ராஸ்பெரி பை கணினிகள். ஒன்றுகூட மண்டபத்து வைஃபையில் இணையவில்லை. கைப்பேசி என்றால் 'சம்மதம்' பொத்தானை அழுத்தலாம். திரையே இல்லாத பை எதை அழுத்தும்?

அடுத்த வாரம் உள்ளங்கை அளவு டிராவல் ரூட்டரோடு போனேன். மெமரி கார்டு தயாரிக்கும்போதே இமேஜர் மென்பொருளில் ரூட்டரின் பெயரையும் கடவுச்சொல்லையும் பதிந்திருந்தேன். ஒவ்வொரு பைக்கும் மாறாத முகவரி ஒதுக்கி, எண்ணை மூடியில் ஒட்டினேன். மண்டபத்து வைஃபையை ரூட்டர் பிடித்துக்கொண்டது. என் மடிக்கணினியில் ஒரே ஒரு 'சம்மதம்', எல்லாருக்கும் போதுமானது.

ஒரு எச்சரிக்கை: பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். பழைய கைப்பேசி சார்ஜரை நம்பாதீர்கள்.

பாதி வகுப்பில் இணையம் போனது. யாரும் கவனிக்கவில்லை. மடிக்கணினியும் பையும் தங்களுக்குள் பேச இணையம் எதற்கு? பிள்ளைகள் எழுதிய நிரலுக்கு விளக்குகள் மின்னிக்கொண்டே இருந்தன.

கிளம்பும்போது ஒரு சிறுமி கேட்டாள்: "அக்கா, எங்க வீட்ல லைன் இல்ல. அங்கேயும் இது ஓடுமா?"

"ஓடும்மா."

இன்னொரு ரூட்டர் வாங்கப் போகிறேன்.