போலீஸ் வரவில்லை, தந்தி வந்தது!

"அமெரிக்காவைப் பாருங்கள்! அங்கே ஜனாதிபதியையே மேடையில் வைத்துக் கேலி செய்யலாம். ஒருவரும் கைது செய்ய மாட்டார்கள். அதுவல்லவா சுதந்திரம்!" இப்படிச் சொல்லும் மேதாவிகள் நம் நாட்டில் நிறைய உண்டு. டீக்கடையிலும் சொல்வார்கள், பத்திரிகையிலும் எழுதுவார்கள்.

கைது செய்ய மாட்டார்கள் என்பது பெரும்பாலும் உண்மைதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கேலி செய்தவனின் வாயை மூடக் கைவிலங்கு ஒன்றுதானா வழி? ஆலைத் தொழிலாளிக்கு இதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. நியாயம் கேட்டவனை ஜெயிலில் போட்டால் ஊர் திரண்டு வரும். அதைவிட, ஆலை வாசலில் நிறுத்திக் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது. காரணம் என்ன? "வேலைக்குத் தாமதமாக வந்தான்!"

அமெரிக்க டெலிவிஷனில் 1968-69ம் ஆண்டில் ஒரு சிரிப்பு நிகழ்ச்சிக்கு நடந்ததும் இதுவேதான். அந்தக் கதையைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அண்ணனும் தம்பியும்

டாம் ஸ்மதர்ஸ், டிக் ஸ்மதர்ஸ் என்று இரண்டு சகோதரர்கள். அண்ணன் கையில் கிதார்; தம்பி பக்கத்தில் ஆளுயரப் பேஸ் வாத்தியம். இருவருக்கும் ஒரே மாதிரி சிவப்புக் கோட்டு, ஒழுங்காகக் கத்தரித்த கிராப்பு. பாட்டைத் தொடங்குவார்கள். பாதியில் அண்ணன் உளறுவார், தம்பி திருத்துவார், சண்டை மூளும். அம்மாவுக்குத் தன்னைவிடத் தம்பிமேல்தான் பிரியம் என்று அண்ணன் குழந்தைபோல் முறையிடுவார். சபை சிரிக்கும். அசடன் வேஷம் போட்டவன் வாயிலிருந்துதான் உண்மை வரும் என்பது கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கட்டியங்காரன் வேலைதான் டாமின் வேலை.

சி.பி.எஸ். என்ற பெரிய டெலிவிஷன் கம்பெனி 1967 பிப்ரவரி 5ந் தேதி இவர்களுடைய நிகழ்ச்சியைத் தொடங்கியது. பாட்டு, நாட்டியம், நையாண்டி எல்லாம் கலந்த ஒரு மணி நேரம். ஞாயிறு இரவு 9 மணிக்கு எதிர்க் கம்பெனியில் 'பொனான்ஸா' என்ற குதிரைவீரர் கதை ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே எதைப் போட்டாலும் எடுபடவில்லை. ஸ்மதர்ஸ் சகோதரர்கள் எடுபட்டார்கள்! வாலிபர்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். விளம்பரப் பணம் வந்தது. முதலாளிகள் முகம் மலர்ந்தது.

இவர்கள் கம்யூனிஸ்டுகளா? இல்லை. ராணுவ அதிகாரியின் பிள்ளைகள். தகப்பனார் இரண்டாவது உலக யுத்தத்தில் ஜப்பானியரிடம் கைதியாகி 1945ல் இறந்தவர். நல்ல சம்பளம் வாங்கிய கலைஞர்கள். ஆரம்பத்தில் அவர்களுடைய சிரிப்பில் அரசியலும் அதிகமில்லை. அவர்களை மாற்றியது வியத்நாம் யுத்தம்! 1968ல் 5 லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே இருந்தனர். அந்த ஒரே ஆண்டில் 16,000க்கு அதிகமானோர் பிணமாகத் திரும்பினர். மாண்ட வியத்நாம் மக்களுக்குக் கணக்கே இல்லை. நிகழ்ச்சிக்கு எழுதிக் கொடுத்தவர்களில் பலர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். பின்னாளில் பெரிய சினிமா நடிகரான ஸ்டீவ் மார்ட்டின் அவர்களில் ஒருவர். பட்டாளத்துக்கு இழுத்துப் போகும் வயது அது. கூடப் படித்தவன் பிணமாக வரும்போது எத்தனை நாள் மாமியார் கதை சொல்லிச் சிரிக்க வைக்க முடியும்?

ஆற்றில் மூழ்கிய காப்டன்

பீட் சீகர் என்ற மக்கள் பாடகர் இருந்தார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கம்யூனிஸ்டு வேட்டைக் கமிட்டி 1955ல் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. "என் நம்பிக்கை என்ன என்று கேட்க உங்களுக்கு உரிமையில்லை" என்ற நிலையில் உறுதியாக நின்றார். 1961ல் ஓராண்டுத் தண்டனை விதித்தார்கள். 1962ல் மேல்கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. ஆனாலும் பெரிய டெலிவிஷன் கம்பெனிகளின் கதவு அவருக்குப் பல ஆண்டுகள் திறக்கவேயில்லை. எந்தக் கோர்ட்டும் போடாத தண்டனை அது!

அந்தச் சீகரை ஸ்மதர்ஸ் சகோதரர்கள் 1967 செப்டம்பரில் அழைத்தார்கள். அவர் பாடிய ஒரு பாட்டில் 1942ல் பயிற்சிக்குப் போன ஒரு பட்டாளத்தின் கதை வருகிறது. ஆழம் தெரியாத ஆற்றில் இறங்கி நடக்கும்படி காப்டன் உத்தரவிடுகிறான். தண்ணீர் இடுப்புக்கும் கழுத்துக்கும் ஏறுகிறது. அப்போதும் முன்னேறச் சொல்கிறான். கடைசியில் அவனே மூழ்கிச் சாகிறான். பாட்டில் வியத்நாம் என்ற சொல் இல்லை, ஜான்ஸன் என்ற பெயரும் இல்லை. ஆனால் கம்பெனிக்குப் புரிந்துவிட்டது! முழுப் பாட்டையும் வெட்டி எறிந்தது.

டாம் ஸ்மதர்ஸ் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளுக்குச் சொன்னார், விஷயம் வெளியே வந்தது. சீகரை மறுபடியும் அழைத்தார். 1968 பிப்ரவரி 25ந் தேதி அதே பாட்டு அதே மேடையில் ஒலித்தது. எதிர்த்து நின்றால் கத்தரியும் பின்வாங்கும் என்பதற்கு இது சாட்சி.

மூன்றாவது பருவம்

அமெரிக்க டெலிவிஷனில் ஒரு நிகழ்ச்சியின் பருவம் செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு வசந்தத்தில் முடியும். ஸ்மதர்ஸ் நிகழ்ச்சியின் மூன்றாவது பருவம் 1968 செப்டம்பர் 29ந் தேதி தொடங்கியது. முதல் நாளே கத்தரி விழுந்தது!

அதற்கு ஒரு மாதம் முன்புதான் சிகாகோ நகரில் ஜனநாயகக் கட்சியின் மாநாடு நடந்தது. யுத்தத்தை எதிர்த்து வந்த வாலிபர்களைப் போலீசார் தெருவில் போட்டு அடித்தார்கள். சர்க்கார் அமைத்த கமிஷனுக்குத் தரப்பட்ட அறிக்கையே அதைப் 'போலீஸ் கலவரம்' என்று பின்னர் வர்ணித்தது. ஸ்மதர்ஸ் மேடையில் நீக்ரோ மக்களின் உரிமைப் போரில் முன்னின்ற பாடகர் ஹாரி பெலஃபான்டே ஒரு திருவிழாப் பாட்டைப் பாடினார். அவர் பின்னால் திரையில் சிகாகோ அடிதடிக் காட்சிகள் ஓடின. கம்பெனி அதை முழுக்க வெட்டியது. வெட்டியதால் சில நிமிஷங்கள் காலியாயின. அந்த நேரத்தை யாருக்கு விற்றார்கள் தெரியுமா? ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்ற நிக்ஸனின் பிரசாரத்துக்கு!

தோழர்களே, இந்த ஒரு காரியத்தில் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது. அடிபட்டவனைப் பற்றிய பாட்டு அரசியல், ஆகவே கூடாது. காசு கொடுத்து நேரம் வாங்கியவனுடைய பேச்சு விளம்பரம், ஆகவே கூடும்! இதற்குப் பெயர் நடுநிலைமை!

அக்டோபரில் டேவிட் ஸ்டைன்பர்க் என்ற நையாண்டிக்காரர் மோசஸ் கதையை வைத்துப் பாதிரியார் பிரசங்கம்போல் ஒரு கேலி செய்தார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. சி.பி.எஸ்.சின் நிகழ்ச்சிகளை ஊர் ஊராக ஒலிபரப்பும் ஸ்தல நிலையங்களுக்கும் முதலாளிகள் உண்டு. அவர்கள் நிகழ்ச்சியை முன்னதாகவே போட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் தள்ளிவிட ஏற்பாடு செய்யப்பட்டது. கம்பெனிக் கத்தரி போதாதென்று ஊருக்கு ஒரு கத்தரி!

1969 மார்ச் மாதம் பாடகி ஜோன் பயஸ் வந்தார். அவருடைய கணவர் பட்டாளத்தில் சேர மறுத்ததற்காகச் சிறை செல்ல இருந்தார். அவருக்குத் தம் பாட்டை அர்ப்பணித்து, காரணத்தையும் சொன்னார் பயஸ். மார்ச் 9ந் தேதி வர வேண்டிய அந்த நிகழ்ச்சியைத் தள்ளிப் போட்டார்கள். பின்னர் வெளியானபோது கணவர் சிறைக்குப் போகிறார் என்பது இருந்தது. ஏன் போகிறார் என்பது இல்லை! பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? மனிதரைக் கொல்ல மறுத்தவரைத் திருடன் என்றுகூட நினைத்திருக்கலாம். பாதி உண்மை முழுப் பொய்யைவிடக் கொடியது.

வேலை நீக்க உத்தரவு

இதற்கிடையே ஒரு வேடிக்கை. பதவியை விட்டுப் போகவிருந்த ஜான்ஸனுக்குச் சகோதரர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். தம்முடைய கேலி எல்லை மீறியிருந்தால் வருந்துவதாகச் சொன்னார்கள். 1968 நவம்பரில் ஜான்ஸன் பதில் எழுதினார். நையாண்டிக்கு இலக்காவதும் தலைமைப் பதவியின் விலையில் ஒரு பங்கு என்பது அதன் சாரம். வியத்நாமில் குண்டு மாரி பொழிந்த ஜான்ஸனை நாம் புகழ வரவில்லை. ஆனால் கேலிக்கு ஆளானவரே தாங்கிக்கொண்டதை, கேலியை விற்றுக் காசு பார்த்த கம்பெனியால் தாங்க முடியவில்லை! நிக்ஸன் ஆட்சி வந்துவிட்டது. நாடாளுமன்றத்தில் டெலிவிஷனைக் கட்டுப்படுத்தும் பேச்சும் எழுந்தது. கம்பெனிக்கு நடுக்கம் கண்டது.

அடுத்த பருவமும் உண்டு என்று மார்ச்சில் சொன்ன அதே கம்பெனி, 1969 ஏப்ரல் 4ந் தேதி தந்தி அடித்தது. கம்பெனியின் டெலிவிஷன் தலைவர் ராபர்ட் உட் அனுப்பிய தந்தி. நிகழ்ச்சி ரத்து! காரணம்? ஸ்டைன்பர்க்கின் இன்னொரு பிரசங்கக் கேலி இருந்த அந்த வாரத்து நாடாவை முன்னதாகப் போட்டுப் பார்ப்பதற்குக் குறித்த நேரத்தில் கொடுக்கவில்லையாம்! ஆலை வாசல் பாஷையில் சொன்னால், 'வேலைக்குத் தாமதமாக வந்தான்.'

அந்த இடத்தில் ஜூன் மாதம் 'ஹீ ஹா' என்ற நிகழ்ச்சி வந்தது. கிராமத்துப் பாட்டும் கிராமத்துச் சிரிப்பும் கொண்டது. கிராமியப் பாட்டோடு நமக்குச் சண்டையில்லை. சீகர் பாடியதும் கிராமியப் பாட்டுத்தான். சோளக்காட்டைப் பற்றிப் பாடலாம். சோளக்காட்டு உழவன் மகன் எங்கே போய்ச் செத்தான் என்று பாடக் கூடாது. முதலாளி வகுத்த எல்லை அதுதான்.

கோர்ட்டு சொன்னதும் சொல்லாததும்

சகோதரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1973ல் ஜெயித்தார்கள். ஏழரை லட்சம் டாலருக்கு மேல் நஷ்ட ஈடு கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. நாடா தாமதம் என்பது வெறும் சாக்கு என்பது அம்பலமாயிற்று. "பார்த்தீர்களா, நியாயம் வென்றது" என்பார்கள் நம் மேதாவிகள்.

எந்த நியாயம்? ஒப்பந்தத்தை மீறியதற்குப் பணம் கிடைத்தது. கருத்துச் சுதந்திரம் பறிபோயிற்று என்ற வாதம் எடுபடவில்லை. ஏன்? அமெரிக்க அரசியல் சட்டம் சர்க்காரின் கையைத்தான் கட்டுகிறது. கம்பெனியோ சர்க்கார் அல்ல, தனியார் சொத்து! ஆகவே, சர்க்கார் உன் வாயை மூடினால் குற்றம். சொத்துக்காரன் மூடினால் நிர்வாகம். கோடிக்கணக்கான வீடுகளில் பேசும் பெட்டியைச் சில கம்பெனிகள் கையில் கொடுத்துவிட்டு, 'பேச்சு சுதந்திரம் உண்டு' என்பதன் பொருள் இவ்வளவுதான். பணம் வந்தது, மேடை வரவில்லை.

பரிசுகள் வந்தன. வேலை நீக்கம் செய்து சுமார் இரண்டு மாதத்தில் அந்த எழுத்தாளர்களுக்கு எம்மி பரிசு கிடைத்தது. தம் பெயர் இருந்தால் மற்றவர்களுக்குப் பரிசு தவறிவிடுமோ என்று டாம் அன்று தம் பெயரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. 2008ல், நாற்பது ஆண்டு கழித்து, அவருக்கும் ஒரு பொம்மையைக் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் 86வது வயதில் அவர் காலமானார். எல்லாப் பத்திரிகைகளும் புகழ்ந்தன. கத்தரித்த கை ஓய்ந்த பிறகு மாலை போடுவது எளிது.

இது பழங்கதை அல்ல

2025 ஜூலையில் அதே சி.பி.எஸ். கம்பெனி தன் இரவு நேர நையாண்டிக்காரர் ஸ்டீபன் கோல்பேர் நிகழ்ச்சி 2026 மே மாதத்தோடு முடியும் என்று அறிவித்தது. அதற்கு மூன்று நாள் முன்புதான், கம்பெனி முதலாளிகள் ஜனாதிபதி டிரம்பின் வழக்கை 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டதை லஞ்சம் என்று அவர் மேடையில் கேலி செய்திருந்தார். கம்பெனி கைமாறுவதற்குச் சர்க்காரின் அனுமதி வேண்டியிருந்த சமயம் அது. அனுமதி அதே மாதத்தில் கிடைத்தது. "வரவு செலவுக் கணக்குத்தான் காரணம்" என்றது கம்பெனி. 1969ல் நாடா தாமதம், 2025ல் கணக்கு. தீர்ப்பைத் தோழர்களிடமே விட்டுவிடுகிறோம்.

அமெரிக்க மக்கள் வேறு, அமெரிக்க ஏகாதிபத்தியம் வேறு என்று நாம் சொல்லி வருகிறோம். சீகரும் பெலஃபான்டேயும் பயசும், சிவப்புக் கோட்டுப் போட்ட அந்த இரு சகோதரர்களும் அதற்குச் சாட்சி. தம் நாட்டுப் பிள்ளைகளை ஆற்றில் இறக்கிய காப்டனைப் பார்த்து, தம் தொழிலைப் பணயம் வைத்துச் சிரித்தார்கள். அதற்காக அவர்களை நாம் மதிக்கிறோம்.

ஆகவே தோழர்களே, 'அங்கே யாரை வேண்டுமானாலும் கேலி செய்யலாம்' என்று இனி யாராவது டீக்கடையில் பெருமை பேசினால் கோபப்பட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கத்தரி எவன் கையில்?