பழுப்பு ஒயரின் இரண்டு அர்த்தங்கள்

பிரிட்டன் மரபில் செய்யப்பட்ட பழைய கார்களில் பழுப்பு நிற ஒயர் என்றால் அது பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம். பெரும்பாலும் இடையில் பியூஸ்கூட இருக்காது. கறுப்பு என்றால் எர்த். ஜெர்மன் மரபில் செய்யப்பட்ட கார்களிலோ பழுப்புதான் எர்த். கறுப்பு, சாவியைத் திருப்பியதும் உயிர்பெறும் இக்னிஷன் ஒயர். அதே இரண்டு நிறங்கள், நேர் எதிரான பொருள். மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சங்கடத்தை நன்கு அறிவார்கள். ‘அவசரம்’ என்ற சொல் தமிழில் விரைவைக் குறிக்கும், தெலுங்கில் தேவையை, மலையாளத்தில் வாய்ப்பை. அதைத் தவறாகப் பெயர்த்தால் வாசகர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஒரு காரின் உடலுக்குள் வேறொரு காரின் எஞ்சினை வைத்து ஒயர்களை நிறம் பார்த்து இணைப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. புகை வரும்.

இலக்கியம் பேசும் இடத்தில் ஒயரிங் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு இது மொழி குறித்த பிரச்சினையாகவே தெரிகிறது. கோவையிலிருந்து அவிநாசி வரையிலும் அதற்கு அப்பாலும் சாலையோரப் பட்டறைகளில் ஓர் அறிவு சேர்ந்து கிடக்கிறது. அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏறாததால் இதுவரை பெரிய நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை. இனிமேல் வரும் என்பதே நான் சொல்ல விரும்புவது.

எஞ்சின் மாற்றுவது கொங்கு நாட்டுக்குப் புதிய கலை அன்று. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கிக் கழற்றிப் பார்த்து இயந்திரம் கற்ற ஜி.டி. நாயுடுவின் கதை இங்கே ஏறக்குறையத் தலபுராணம். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கியவர் அவர். கழற்று, பார், மறுபடி பூட்டு. இதுவே இந்த ஊர்களின் பள்ளிக்கூடம். 1980களில் மாருதி 800இன் உறுப்புகளைக் கொண்டே ஃபார்முலா மாருதி என்னும் பந்தயக் காரை உருவாக்கிய கரிவர்தனும் அந்தப் பள்ளியின் மாணவர்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. அவர் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அம்பாசிடருக்குள் டீசல் எஞ்சின் வைத்த காலத்தை நடுவயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெட்ரோல் விலை கட்டுபடியாகாத டாக்ஸிக்காரர்கள் மெட்டடார் வேனின் எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே கஷ்டமெல்லாம் இரும்பில் இருந்தது. பவுண்டேஷனை வெட்டி ஒட்ட வேண்டும், கியர்பாக்ஸ் பொருந்துவதற்கு லேத்தில் ஒரு தட்டு கடைய வேண்டும், ஷாஃப்டின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒயரிங் அரை நாள் வேலை. ஹீட்டர் பிளக்குக்கு ஒன்று, செல்ஃப் மோட்டாருக்கு ஒன்று, டைனமோவுக்கு, ஆயில் விளக்குக்கு, சூடு காட்டும் முள்ளுக்கு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த டீசல் எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரத்தின் தயவே அதற்கு வேண்டாம். பேட்டரியைக் கழற்றினாலும் ஓடும். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட ஊர் அவிநாசி என்பார்கள். பழைய இரும்புக் கடைக்குப் போன எஞ்சினை இன்னொரு உடலில் எழுப்பி ஓடவிடுவதும் அந்த ஊருக்கு ஒன்றும் பொருந்தாத காரியம் இல்லை.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகைக் கட்டுப்பாடு இறுகியது. கார்பரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. எஞ்சினுடன் ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. பட்டறையில் அதை ‘ஈசிஎம்’ என்பார்கள். பாரத் ஸ்டேஜ் 4 விதி 2017 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் வந்தது, ஸ்டேஜ் 6 விதி 2020 ஏப்ரலில். இன்று விற்பனையாகும் எந்த எஞ்சினும் அதன் கம்ப்யூட்டரைப் பிரிந்து உயிர்வாழாது. ஆக, எஞ்சினை மாற்றுகிறவர் இப்போது மூன்று பொருட்களை ஒன்றோடொன்று பேசவைக்க வேண்டியிருக்கிறது: வண்டி, எஞ்சின், கம்ப்யூட்டர். மூன்றும் மூன்று குடும்பத்திலிருந்து வந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதில் எது எங்கே இடறுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எஞ்சினின் கிராங்க் சுழலும்போது அதனுடன் ஒரு பல்சக்கரமும் சுழல்கிறது. பற்களை ஒரு சென்சார் எண்ணிக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. போஷ் வழியில் வந்த பல கம்ப்யூட்டர்கள் அறுபது பல்லுக்கான இடத்தில் இரண்டை விட்டு ஐம்பத்தெட்டு பல்லை எதிர்பார்க்கும். பல் இல்லாத அந்த இடைவெளிதான் அவற்றுக்குச் சுற்றின் தொடக்கம். ஃபோர்டு வழியில் முப்பத்தாறு இடத்தில் ஒன்று குறையும். ஒன்றில் ஒரு பல் ஆறு பாகை, மற்றதில் பத்து. ஒயரை எவ்வளவு அழகாக ஜோடித்தாலும் கம்ப்யூட்டருக்கு அந்தத் தாளம் புரியாது. ஸ்பார்க் வராது.

தண்ணீரின் சூட்டைச் சொல்லும் சென்சார் இன்னும் நுட்பமானது. பல எஞ்சின்களில் அதன் மின்தடை இருபது டிகிரியில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஓம் அளவில் இருக்கும், எண்பது டிகிரியில் முந்நூறுக்குச் சரியும். இந்தச் சென்சாரின் எர்த் ஒயர் கம்ப்யூட்டருக்கே திரும்பிச் செல்ல வேண்டும். பழைய பழக்கத்தில் அதைப் பக்கத்திலிருக்கும் போல்ட்டில் மாட்டிவிட்டால், துருவும் பெயின்ட்டும் சேர்த்த சிறு தடையைக் குளிர் என்று கம்ப்யூட்டர் படித்துக்கொள்ளும். எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போது மார்கழி விடியல் என்று எண்ணிக் கூடுதல் பெட்ரோலை ஊற்றும். வண்டி ஓடும். அதுதான் ஆபத்து. கறுப்புப் புகையும் குறைந்த மைலேஜுமாக மாதக்கணக்கில் ஓடும். சொந்தக்காரர் இன்ஜெக்டரை மாற்றுவார், பம்ப்பை மாற்றுவார், கடைசியில் மெக்கானிக்கை மாற்றுவார்.

பிறகு சாவி. சாவிக்குள் ஒரு சில்லு, ஸ்டீயரிங் பூட்டைச் சுற்றி ஒரு வளையம், அதற்கு ஒரு பெட்டி. மூன்றும் கம்ப்யூட்டருடன் சங்கேதம் சொல்லி ஒத்துப்போனால்தான் எஞ்சின் எழும். எஞ்சினையும் கம்ப்யூட்டரையும் வாங்கிச் சாவியை விட்டுவிட்டு வந்தவர்கள் பாடு திண்டாட்டம். ஆக்ஸிலேட்டர் கேபிளாக இல்லாமல் ஒயராக உள்ள வண்டி என்றால் மிதியையும் சேர்த்துக் கழற்றி வர வேண்டும். கொஞ்சம் புதிய வண்டிகளில் மீட்டர், பிரேக், எஞ்சின் ஆகியவை முறுக்கிய இரண்டே ஒயர்களில் எண்களாகப் பேசிக்கொள்கின்றன. போஷ் 1986இல் வெளியிட்ட முறை அது. பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு ஒயர்களுக்கு இடையே மீட்டரை வைத்தால் அறுபது ஓம் காட்ட வேண்டும். நூற்றிருபது காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது அல்லது எடுத்துப்போட்ட ஏதோ ஒரு பெட்டிக்குள் அந்த முனை இருந்திருக்கிறது. இவ்வளவு எளிய சோதனை! இதைத் தமிழில் எழுதிய ஒரு வரியை நான் இதுவரை கண்டதில்லை.

ஒரே கம்பெனி எஞ்சின் என்றால் எளிது என்றும் எண்ண வேண்டாம். ஜிப்ஸிக்குள் பலேனோவின் 1.6 லிட்டர் எஞ்சினை வைப்பது நம் நாட்டு ஆர்வலர்களிடையே பெயர்பெற்ற மாற்று. இரண்டும் மாருதிதான். ஆனால் பலேனோவில் குறுக்காகப் படுத்திருந்த எஞ்சின் ஜிப்ஸியில் நெடுக்காக நிற்கும். ஒயரிங்கின் கிளைகள் ஒருபக்கம் எட்டாது, மறுபக்கம் தொங்கும். பழைய இரும்புக் கடையிலோ எஞ்சினை இறக்கும் அவசரத்தில் ஒயர்க் கட்டைக் கத்தரியால் ஒரே வெட்டு வெட்டிவிடுகிறார்கள். அங்கே அது செம்பு எடைக்குப் போகும் சரக்கு. அந்த வெட்டில் ஒரு புத்தகத்தின் பாதிப் பக்கங்கள் போய்விடுகின்றன.

இரும்பு தன்னைத்தானே சொல்லும். வளைந்தால் தெரியும், தேய்ந்தால் கை உணரும். ஒரு கப்ளரில் உள்ள நாற்பது பின்னில் பதினேழாவது பின் என்ன செய்கிறது என்பதைக் கழற்றிப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும். நாயுடுவின் பள்ளிக்கூடம் இங்கேதான் திணறுகிறது. அவிநாசியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் பள்ளி நோட்டைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு கப்ளர், கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்திலும் நிறமும் வோல்ட்டும். நிறத்தை நம்பக் கூடாது, மீட்டரைத்தான் நம்ப வேண்டும் என்பது அவர் கட்சி. இருபது ஆண்டு உழைப்பு அந்த நோட்டு. அவர் அதை யாருக்கும் கொடுக்க மாட்டார்; கொடுக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அது அவருடைய சோறு.

இத்தனைக்கும் கோவையிலேயே போஷ் நிறுவனத்தின் மென்பொருள் மையம் இருக்கிறது. வண்டிகளுக்கான மென்பொருள் எழுதப்படும் ஊரும், அந்த வண்டியின் ஒரு பின்னுக்காக இரவெல்லாம் டெஸ்ட் லேம்ப்புடன் உட்கார்ந்திருக்கும் பட்டறையும் ஒரே சாலையில் இருக்கின்றன. இடையில் உள்ள மதில் தற்செயலாக எழுந்ததன்று. உதிரிப் பாகங்களையும் பழுதுபார்க்கும் கையேடுகளையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் அடைத்து வைத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022இல் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ பேசத் தொடங்கி, அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையவாசலும் திறந்தது. வாகனங்களும் அதன் பட்டியலில் உண்டு. நல்லதுதான். ஆனால் நாளையே எல்லாக் கையேடுகளும் திறக்கப்பட்டாலும் அவை ஆங்கிலத்தில்தான் திறக்கும்.

மீதி வேலை நம்முடையது. இங்கேதான் தமிழ் எழுத்துலகின் மேல் எனக்குக் குறை உண்டு. கலைச்சொல் பட்டியல் போடுவதில் நாம் சூரர்கள். ‘மின்வடத் தொகுப்பு’ என்று ஒயரிங்குக்குப் பெயர் சூட்டிவிட்டுக் கைதட்டிக்கொள்வோம்; அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம்கூட எழுத மாட்டோம். கொங்கு நாட்டுக்கு வேறொரு மரபு இருந்தது. 1940களின் இறுதியில் ஜி.ஆர். தாமோதரன் கோவையிலிருந்து ‘கலைக்கதிர்’ என்று அறிவியலுக்காகவே ஒரு தமிழ் மாத இதழ் தொடங்கினார். ஈரோட்டுப் பக்கத்தைச் சேர்ந்த பெரியசாமித் தூரன் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தார். 2000இல் பெருமாள்முருகன் தனி ஆளாகக் கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்தார். வட்டார அகராதிகள் நிலத்தையும் உறவையும் சடங்கையும் காப்பாற்றின. பட்டறையும் ஒரு வட்டாரம் என்பதை நாம் இன்னும் ஏற்கவில்லை. கப்ளர், செல்ஃப், பவுண்டேஷன், ‘எர்த் அடிக்கிறது’, ‘மிஸ்ஸிங்’, ‘கரண்ட் திரும்புது’ என்பனவற்றைப் பேச்சுவழக்கு என்று ஒதுக்குகிறவர்கள், ஏர்க்காலும் நுகத்தடியும் ஒரு காலத்தில் பட்டறைச் சொற்களாகவே இருந்தன என்பதை யோசிக்கலாம்.

யூடியூபில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் பதினேழாவது பின் என்னவென்று அவசரமாகத் தெரிய வேண்டியவர் இருபத்தைந்து நிமிட வீடியோவில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. தேடத்தக்கது எழுத்து மட்டுமே. பாகங்களிலிருந்து எஞ்சின் கம்ப்யூட்டரைத் தாங்களே கட்டிக்கொள்ளும் ஒரு திட்டத்தை 2001 வாக்கில் இரண்டு அமெரிக்கர்கள் தொடங்கினார்கள். மெகாஸ்குவர்ட் என்று பெயர். அது உலகெங்கும் பரவியதற்குப் பலகையின் மலிவு ஒரு காரணம் என்றால், பயன்படுத்தியவர்கள் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்த கையேடுகள் இன்னொரு காரணம்.

இன்னொரு ஆட்சேபம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. தெருவில் ஓடும் வண்டிக்கு அந்தக் கண்டிப்பு தேவை என்றே நானும் கருதுகிறேன். தீப்பிடித்த கார்களின் படங்களைப் பார்த்தவர்கள் எதிர்க்க மாட்டார்கள். ஆனால் எஞ்சின் மாற்றத்துக்குத் தேவையான அதே அறிவுதான் எலி கடித்த ஒயரிங்கைச் சீர்செய்யவும் வேண்டும், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எழுப்பவும் வேண்டும். சட்டம் திறந்துவைத்திருக்கும் வாசல்களில் ஒன்று, முறையான அனுமதியுடன் பழைய வண்டியைப் பேட்டரி வண்டியாக மாற்றுவது. அங்கே எஞ்சினே இல்லை. மோட்டார் தவிர மிச்சமெல்லாம் ஒயரும் கப்ளரும் கம்ப்யூட்டரும்தான். பெட்ரோல் காலத்திலேயே எழுதப் பழகாதவர்கள் அங்கே என்ன செய்யப்போகிறோம்?

எழுதத் தெரிந்த ஒருவரும் ஒயரிங் தெரிந்த ஒருவரும் சில ஞாயிற்றுக்கிழமைகள் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். நோட்டைக் கேட்க வேண்டியதில்லை, உழைப்புக்குக் கூலி கொடுத்துப் புத்தகத்தில் அவர் பெயரையும் போட வேண்டும். ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது, எத்தனை கப்ளர், எந்தப் பின்னுக்கு எந்த நிறம், சாவியைத் திருப்பியதும் அங்கே எத்தனை வோல்ட், எஞ்சின் ஓடும்போது எத்தனை, இல்லாவிட்டால் முதலில் எங்கே பார்க்க வேண்டும். அறுபது பக்கத்தில் அடங்கிவிடும். வண்ண அச்சு தேவையில்லை, நிறத்தை எழுத்தில் எழுதிவிடலாம். கிரீஸ் பட்ட விரலால் புரட்டினாலும் தாங்கும் தாளாகப் பார்த்து வாங்க வேண்டும்.