'மக்கு' என்று முத்திரை குத்தாதீர்!



பயிற்சிக் காலத்தில் கல்வி உளவியலை மனனம் செய்து தேர்வெழுதினோம். வகுப்பறையில் கால்வைத்ததும் அதனை மறந்துவிட்டோம். இது முறையா?

1905-இல் பாரிசில் ஆல்பிரட் பினே, தியோடோர் சிமோனுடன் இணைந்து நுண்ணறிவுச் சோதனையை வகுத்தார். கற்றலில் இடர்ப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுவதே அதன் நோக்கம். நுண்ணறிவு பயிற்சியால் வளரும் என்பதே அவர்தம் கொள்கை. நாமோ, 'இவன் தேறமாட்டான்' என்று கைகழுவுவதற்கே மதிப்பெண்ணைப் பயன்படுத்துகிறோம்!

1968-இல் ராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குருட்டாம்போக்கில் பொறுக்கிய சில மாணவரை, 'இவர்கள் விரைவில் மலர்வர்' என்று ஆசிரியர்களிடம் கூறிவைத்தனர். ஓராண்டில் முதலிரண்டு வகுப்புகளில் அவர்களின் சோதனை மதிப்பெண் மற்றவரினும் மிகுதியாக உயர்ந்தது. விளைவின் அளவு குறித்து அறிஞரிடையே வாதம் எழுந்தது உண்மை. ஆயினும், நம் எதிர்பார்ப்பு பிள்ளையைத் தொடும் என்பதைப் பிந்தைய ஆய்வுகளும் காட்டின.

மலேசியாவில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டது. முத்திரை ஒழிந்ததா? கிள்ளானாயினும் பிரிக்பீல்ட்சாயினும், ஆறாம் ஆண்டில் கடைசி வரிசையில் தலைகுனிந்திருக்கும் பிள்ளையைப் பாருங்கள். முதலாம் ஆண்டில் எல்லாக் கேள்விக்கும் கையுயர்த்தித் துள்ளியவன் அல்லனோ அவன்? அந்தக் கையை இறக்கியது யார்?

தமிழ்ப்பள்ளியைப் பிறர் தாழ்த்தினால் கொதிக்கிறோம். தமிழ்ப்பிள்ளையை நாமே தாழ்த்தலாமா?

நாளை காலை, அவன் பெயரைச் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள். விடை வரும்வரை காத்திருங்கள்.